பொட்டு வைக்காத மீட்டர்

எங்கள் தெருவில் யாரும் வண்டியை நேராக உள்ளே விட்டு நிறுத்துவதில்லை. ஷேர் ஆட்டோ, மீன் ஏற்றும் குட்டி யானை, என் பழைய கார் எல்லாமே பின்பக்கமாக உள்ளே வந்து, முகத்தைச் சாலைப் பக்கம் வைத்துக்கொண்டுதான் நிற்கும். புதிதாகக் குடிவந்தவர் தெரியாமல் மாற்றி நிறுத்தினால், பொழுது சாய்வதற்குள் யாராவது கதவைத் தட்டி, "திருப்பிப் போட்டுக்க நைனா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஏன் என்று கேட்டால் வாஸ்து என்பார்கள், ராசி என்பார்கள். உண்மையான காரணத்தை மட்டும் வாயால் சொல்வதில்லை. திருவொற்றியூரைத் தாண்டி, எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் இந்தச் சந்தில், ஓட வேண்டிய நேரம் வந்தால் வண்டியைத் திருப்ப இடமும் இருக்காது, நேரமும் இருக்காது.

நான் இந்தப் பக்கத்து ஆலை ஒன்றில் கருவிப் பிரிவில் சேர்ந்து, பாதுகாப்புப் பிரிவில் ஓய்வு பெற்றவன். அழுத்தம் காட்டும் முள், வெப்பம் காட்டும் முள், மட்டம் காட்டும் முள் என்று என் உத்தியோக காலம் முழுவதும் முட்களைப் பார்த்தே கழிந்தது. கடைசி வருடங்களில், முள் சிவப்பைத் தொட்டால் யார் எந்தக் கதவு வழியாக ஓட வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிற வேலை. நான் எழுதிய நடைமுறைகளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். சட்டத்தைத் துடைத்தார்கள். படித்ததாகத் தகவல் இல்லை.

என் மனைவி ராயபுரத்துக்காரி. அவளுக்கு மூச்சிரைப்பு. டாக்டர் அதற்கு நீளமான பெயர் ஒன்று சொன்னார். நோயின் பெயர் நீள நீள மருந்தின் பலன் குறையும் என்பது என் கணக்கு. மற்றபடி அவர் நல்ல மனிதர். "காத்துல நெடி வந்தா வீட்டுக்குள்ள கதவைச் சாத்திட்டு உட்கார்ந்திருக்காதீங்க. முதல்ல கார்ல ஏத்துங்க. அப்புறம் எனக்குப் போன் பண்ணுங்க. இவங்களுக்கு அவகாசம் கம்மி" என்று என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். அன்றிலிருந்து அந்தக் கார் வாகனமில்லை, அவளுடைய இன்னொரு நுரையீரல். அதற்கும் ஒரு நடைமுறை வைத்தேன். பெட்ரோல் முள் பாதியைத் தொட்டதும் தொட்டியை நிரப்ப வேண்டும். விதிவிலக்கு கிடையாது.

இதில் ஒரு சிக்கல். அந்த முள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் வேகமானிக்கும் பெட்ரோல் முள்ளுக்கும் சேர்த்து மூடியிருக்கும் பிளாஸ்டிக் கண்ணாடி கிட்டத்தட்ட மோர் நிறத்துக்கு வந்திருந்தது. கீறலுக்குக் காரணம் ஊரின் சாம்பல். அத்திப்பட்டுப் பக்கத்து அனல்மின் நிலையத்தின் சாம்பல் எங்கள் ஊரில் கொடியில் காயும் துணியிலும் இருக்கும், சோற்றுப் பானை மூடியிலும் இருக்கும். அதை நீர் படாமல் துணியால் துடைப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். கறைக்குக் காரணம் என் மனைவி. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவள் சந்தனத்தைக் குழைத்து, சரியாக மீட்டர் கண்ணாடி மேலேயே ஒரு பொட்டு வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைப்பாள். ஸ்பீடு தெரியாவிட்டால் நான் எங்கேயாவது இடித்துவிடுவேன் என்று வேகமானியை விட்டுவிட்டு, ஓரமாகப் பெட்ரோல் முள்ளின் மேல் வைப்பாள். வருடா வருடம் அதே இடம். குங்குமத்தின் சாயம் பிளாஸ்டிக்குக்குள் இறங்கி, துடைத்தாலும் போகாத செம்பழுப்புத் திட்டாகிவிட்டது.

ஆலையிலும் இதே கதைதான். ஆயுத பூஜைக்கு மறுநாள் கட்டுப்பாட்டு அறைக்குள் போனால், எந்த முள்ளும் தெரியாது, வரிசையாகப் பொட்டுதான் தெரியும். "பொட்டை இரும்புச் சட்டத்தில் வைக்கவும், கண்ணாடியில் வைக்க வேண்டாம்" என்று சுற்றறிக்கை விட்டேன். அந்தச் சுற்றறிக்கைக்கும் பொட்டு வைத்தார்கள்.

சென்ற ஆயுத பூஜைக்குச் சில நாள் முன்பு, அந்தக் கண்ணாடியைக் கழற்றிச் சுத்தம் செய்வது என்று முடிவு கட்டினேன். காரின் முன்கதவைத் திறந்துவைத்து, வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு பேசின், சோப்புத் தண்ணீர், பழைய பனியன் துணி. மேல்மூடியின் திருகுகளைக் கழற்றி, பக்கத்துக் கொக்கிகளை நகத்தால் நெம்பி, கண்ணாடியை மட்டும் எடுத்தேன். முட்களின் மேல் விரல் படக்கூடாது. பட்டால் முள் நகரும், நகர்ந்த முள் பிறகு வாழ்நாள் முழுவதும் பொய் சொல்லும்.

பக்கத்து வீட்டு ஷேர் ஆட்டோக்காரர் பல்லில் குச்சியோடு வந்து நின்றார்.

"இன்னா சார், மீட்டருக்கு ஃபேஷியல் பண்ணிகினு கீறீங்களா?"

"கறை எடுக்கிறேன்பா."

"அத்துக்கு இன்னாத்துக்கு இம்மாம் சாமானு? துணில கொஞ்சம் பெட்ரோல தொட்டு ஒரு இழுப்பு இழுங்க. பூடும்."

"பெட்ரோல் பட்டால் பிளாஸ்டிக் வெடிப்பு விடும். தின்னரும் ஆகாது."

"வண்டி குடிக்கிறதே பெட்ரோலு. அது மூஞ்சிக்கு மட்டும் ஒத்துக்காதா?"

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "வுடு நைனா. அவுரு ரிடேர் ஆனத அந்தக் கண்ணாடிகிட்ட யாரும் சொல்லல போல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. ஷேர் ஆட்டோக்காரர் குச்சியைத் துப்பிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

முதலில் தண்ணீரை ஊற்றிச் சாம்பலைத் தானாக ஓடவிட வேண்டும். பிறகு சோப்பு நீரில் ஊறவைத்து, விரலால் மட்டும் தடவ வேண்டும். ஜன்னல் துடைக்கும் நீலத் திரவத்தை எடுத்துக்கொண்டு வந்தாள் மனைவி. வேண்டாம் என்றேன். அதில் அமோனியா இருந்தால் இந்த வகைப் பிளாஸ்டிக் நாளடைவில் பொரிந்து மங்கிப்போகும். பாட்டிலின் முதுகில் பொடி எழுத்தில் அப்படியே போட்டிருந்தது. பிளாஸ்டிக் கெட்டுப்போகும் என்று அச்சடித்து எச்சரிக்கிறார்கள். அதே சரக்கு குழாய் குழாயாகவும் தொட்டி தொட்டியாகவும் இருக்கும் பக்கத்தில் குடியிருப்பவர்களின் முதுகில்தான் எதுவும் அச்சடிக்கவில்லை.

ஆழமான கீறலுக்கு வாட்டர் பேப்பர் என்கிற மிக நைஸான உப்புத்தாளை நனைத்து, அழுத்தாமல் ஒரே திசையில் இழுக்க வேண்டும். கண்ணாடி இன்னும் மோசமாக, பனி மூடியதுபோல் ஆகும். பயந்து நிறுத்தக் கூடாது. அதற்கு மேல் பாலிஷ் போட்டு, பனியன் துணியால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தால், உள்ளேயிருந்து யாரோ விளக்கை ஏற்றியதுபோல் தெளிவு வரும். வந்தது. குங்குமத் திட்டும் போய்விட்டது. கடைசிப் படி எல்லாவற்றையும்விட முக்கியம். ஈரத்துணியால் ஒற்றிவிட்டு, நிழலில் தானாகக் காயவிட வேண்டும். உலர்ந்த துணியால் பளபளவென்று தேய்க்கக் கூடாது. தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல், தேய்த்த பிளாஸ்டிக் அடியிலிருக்கும் முள்ளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆலையில் புதுப் பையன்கள் அழுத்தமானியைத் துடைத்துவிட்டு, அழுத்தம் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். நான் போய்க் கண்ணாடி மேல் 'ஹா' என்று வாயால் ஊதுவேன். மூச்சின் ஈரம் பட்டதும் முள் துள்ளி உண்மைக்கு வரும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடியின் உள்பக்கத்திலும் சாம்பல் இருந்தது. மெல்லிய, மாவு போன்ற படலம். நான்கு பக்கமும் மூடி, திருகி வைத்த பெட்டி அது. அதற்குள் காற்று போக வழியே இல்லை என்று நான் நினைத்திருந்தேன். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அவள் பார்ப்பதற்குள் பேசினில் அலசினேன்.

ஆயுத பூஜை அன்று காலை அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "இந்த வருஷம் கண்ணாடியில் பொட்டு கிடையாது. ஸ்டியரிங்கில் வை, சக்கரத்தில் வை, என் நெற்றியில்கூட வை. அதில் மட்டும் வேண்டாம்."

"சாமிக்கே ரூல்ஸா? இன்னாவோ போ" என்றாள். ஆனால் கேட்டுக்கொண்டாள். அதுவரை என் சுற்றறிக்கை ஒன்றுக்குக் கீழ்ப்படிந்தவள் அவள் ஒருத்திதான்.

சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழம் வாங்க நான் கடை வரை போயிருந்தேன். அந்த இடைவெளியில் அவள் காருக்குள் உட்கார்ந்து, வெளியே சாம்பல் பறக்கிறது என்று கண்ணாடிகளை ஏற்றி, எஞ்சினைக் கிளப்பி ஏசியைப் போட்டுக்கொண்டு, பொட்டு வைக்க முடியாத குறைக்கு மீட்டரையாவது பளிச்சென்று ஆக்குவோம் என்று, பெட்டியிலிருந்த பட்டு ரவிக்கைத் துண்டை எடுத்து நன்றாகத் தேய்த்திருக்கிறாள். திரும்பி வந்தபோது எனக்கு அது தெரியாது. சொல்வதற்கு அவளுக்கும் அது ஒரு செய்தியில்லை. கண்ணாடி மின்னியது. முள் பாதிக்கு ஒரு நெல் அகலம் மேலே நின்றது. எங்கள் காரின் முள் சாவியை எடுத்தாலும் கீழே விழாத வகை, கடைசியாகக் காட்டிய இடத்திலேயே நிற்கும். பூசணிக்காயைச் சுற்றி உடைத்தோம். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிச் சந்து முனை வரை ஒரு சுற்றுப் போய் வந்தோம்.

அதற்குப் பின் வந்த நாட்களில் டாக்டரிடம் போனோம், தாம்பரம் பக்கம் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் வந்தோம், மறுபடி டாக்டர். வழக்கம்போல் கண்ணாடி ஏற்றி, ஏசியோடுதான். முள் அங்கேயே நின்றது. பூஜைக்காக மெக்கானிக் வண்டியைச் சர்வீஸ் செய்திருந்தார். அவர் கைராசிதான் பெட்ரோலை மிச்சப்படுத்துகிறது என்று எண்ணிக்கொண்டேன். ஓடிய தூரத்தைக் காட்டும் எண்கள் எப்போதோ நின்றுவிட்டிருந்தன. பெட்ரோல் குறைந்தால் எரிய வேண்டிய விளக்கின் பல்பும் போய்விட்டிருந்தது. முள்ளே இவ்வளவு தெளிவாகத் தெரியும்போது விளக்கு எதற்கு? கடற்கரை ஈரக் காற்றில் பிளாஸ்டிக்கில் மின்சாரம் தங்காது என்று பாடப்புத்தகம் சொல்லும். அதை எழுதியவர் எங்கள் காற்றுக்குப் பயந்து, மூடிய காருக்குள் ஏசியின் உலர்ந்த குளிரில் மனைவியை அழைத்துக்கொண்டு போனவராக இருக்க மாட்டார்.

தீபாவளிக்கு முன், மழை வருவதுபோல் மூடிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். விளக்கு வைக்கும் நேரம். அவள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கையிலிருந்த துணிகளைக் கீழே போட்டாள். நான் அதைத்தான் முதலில் பார்த்தேன். பிறகுதான் நெடி வந்தது. கண்ணுக்குள் ஊசி போடுகிற நெடி. எந்த ஆலை என்று யாருக்கும் தெரியாது. எந்தச் சங்கும் ஊதவில்லை. காக்கைகள் மட்டும் கூட்டமாகத் தெற்கே போயின.

ஈரத்துணியை அவள் மூக்கில் வைத்துக் காரில் ஏற்றினேன். தெருமுனையில் ஒரு கட்சிக் கொடி உண்டு. கட்சி எதுவாக இருந்தாலும் காற்று எங்கே போகிறது என்பதை மட்டும் அது ஒழுங்காகச் சொல்லும். வடக்கிலிருந்து அடித்தது. காற்றுக்குக் குறுக்கே ஓடு என்பது நான் எழுதிய நடைமுறை. கிழக்கே குறுக்கே போனால் கடல். மேற்கே ரயில்பாதை, அதற்கு அப்பால் மணலி ஆலைகள், அங்கே வேறு நெடி. மிச்சம் தெற்கு, அதாவது நெடி போகும் அதே திசை. நடைமுறை எழுதும்போது நான் வரைபடம் பார்க்கவில்லை என்று இல்லை. பார்த்தேன். வேறு எதுவும் எழுத முடியவில்லை.

தெருவே ஒன்றன்பின் ஒன்றாக நெடுஞ்சாலையில் ஏறியது. அங்கே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல் அசையாமல் நின்றன. அவற்றின் ஓரத்தில் இருசக்கர வண்டி போகிற இடைவெளியில் காரை நுழைத்து நுழைத்துப் போனேன். அவளிடமிருந்து ஒரு விசில் சத்தம் வந்துகொண்டிருந்தது. கையில் இன்ஹேலர். அடித்துக்கொண்டாள், மறுபடி அடித்துக்கொண்டாள்.

"வேகமா... போ... யா."

"போறேன். பேசாதே."

மீட்டரைப் பார்த்தேன். பாதிக்கு ஒரு நெல் மேலே. எனக்குத் தைரியமாகத்தான் இருந்தது. அப்போது எஞ்சின் ஒருமுறை விக்கியது. இன்னொரு முறை. இரண்டு கன்டெய்னர்களுக்கு நடுவில், ஏசியின் சத்தமும் அடங்கி, கார் நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. ஃபியூஸா, பம்பா, வயரா என்று என் மூளை ஒவ்வொரு படியாக ஆரம்பித்தது. அத்தனை வருடப் பழக்கம், அது அப்படித்தான் ஆரம்பிக்கும். பாதித் தொட்டி பெட்ரோல் இருக்கிறது, ஆகவே காரணம் பெட்ரோல் இல்லை, ஆகவே வேறு ஏதோ. அவள் என் கையைப் பிடித்தாள். முகம் ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். அந்த ஊர் மொத்தத்திலும் அதைப்போல் சுத்தமான பொருள் வேறு இருந்திருக்காது.

குனிந்து, வாயை அருகில் கொண்டுபோய், 'ஹா' என்று ஊதினேன்.

கண்ணாடி பனித்தது. பனி விலகும்போது உள்ளே முள் ஒருமுறை நடுங்கியது. பிறகு மெதுவாக, அவசரமே இல்லாமல், கீழே இறங்கி, காலி என்ற கோட்டையும் தாண்டிப் போய்ப் படுத்தது.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணியை விலக்கிவிட்டு, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, "பட்டுத் துணில... தொடச்சேன். பளிச்சுனு..." என்றாள்.

"பேசாதே" என்றேன். ஒரு சொட்டு ஈரச் சந்தனம் போதும், அந்தக் கண்ணாடி முள்ளை விட்டிருக்கும். வருடா வருடம் அவள் வைத்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். உள்ளே அவர் குடும்பமும், எங்கள் தெருவின் பாதியும்.

"இன்னா சார், நட்ட நடு ரோட்ல நின்னுகினு கீறீங்க?"

"பெட்ரோல் இல்லை."

"உங்க வண்டிலயா?" அவர் வாய் கேலிக்குத் தயாராகத் திறந்தது. அவளைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. "ஏய், எறங்கு எறங்கு, ஆம்பளைங்கல்லாம் எறங்கி தொங்கு. அக்காவுக்கு எடம் வுடு. யக்கா, தலைய வெளிய நீட்டாத, மூஞ்ச பொத்திக்க."

காரைச் சாவியோடு அங்கேயே விட்டேன். அவளைத் தூக்கி உள்ளே வைத்தோம். நான் பின்கம்பியில் தொங்கினேன். ராயபுரம் வரும் வரை அவள் முதுகு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். அதைக் காட்ட முள் கிடையாது.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். விடிந்தபோது அவள் கண் திறந்து, முகமூடிக்குள்ளிருந்து ஏதோ கேட்டாள். குனிந்தேன்.

"வண்டிய யாராவது... தூக்கிகினு பூட்டாங்களா?"

"இல்லை. போலீஸ் ஓரமாகத் தள்ளி வைத்திருக்கிறார்களாம்."

"யாரு தூக்குவான்... பெட்ரோல் கூட இல்லாத வண்டிய" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் வராந்தாவுக்குப் போய் உட்கார்ந்தேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "இந்தத் தடவை வந்துட்டீங்க" என்றார். அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். அவர் அடுத்த நோயாளியை அழைத்தார். மகள் அழுது தீர்த்தாள், தாம்பரத்துக்கே வந்துவிடச் சொன்னாள். என் மனைவி, "ஒங்கூட்ல மூணாவது மாடி. அந்தப் படி ஏறறதுக்கு நான் நெடியவே மோந்துகினு கெடப்பேன்" என்றாள். நாங்கள் வீடு திரும்பினோம்.

வந்த அன்றே அவள் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு காருக்குள் ஏறினாள். பெட்ரோல் முள்ளின் மேல், பழைய அதே இடத்தில், சொட்டச் சொட்ட ஒரு பொட்டு வைத்தாள். நடுவில் குங்குமம்.

"இந்த வருசத்துப் பாக்கி" என்றாள்.

சந்தனம் வழிந்து, நான் அவ்வளவு பாடுபட்டுத் தேய்த்த கண்ணாடியில் கோடாக இறங்கியது. மறுபடி முள் தெரியாது. அதனால் இப்போது முள்ளைப் பார்த்து நிரப்புவதில்லை. வெளியே போய் வரும்போதெல்லாம், தொட்டி வாய் வரை நிரப்பிக்கொண்டுதான் சந்துக்குள் நுழைகிறேன். எச்சரிக்கை விளக்கின் பல்பையும் மாற்றிவிட்டேன். அவள் இப்போது இரண்டு அறைகளுக்கு நடுவில் நடந்தாலே ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். முன்பு அப்படி இல்லை.

நேற்றுச் சாயங்காலம் அவள் வாசற்படியில் நின்று தலையை லேசாகத் தூக்கினாள்.

"யோவ். வருதா?"

நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆலையில் கெட்டுப்போன மூக்கு இது, அதைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. தெருமுனையைப் பார்த்தேன். கொடி எந்தப் பக்கமும் போகாமல் கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. சங்கு எதுவும் ஊதவில்லை.

சாவியை எடுத்துக்கொண்டு அவளைக் காரில் உட்கார வைத்தேன். ஈரத்துணியைக் கையில் கொடுத்தேன். கதவைச் சாத்தும்போது பக்கத்து வாசலில் ஷேர் ஆட்டோ உறுமியது. அவர் என்னைப் பார்த்தார். அதற்கு அடுத்த வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் உதைபட்டது. எதிர் வரிசையில் குட்டி யானையின் விளக்கு எரிந்தது. சந்து முழுக்க, முகத்தைச் சாலைப் பக்கம் வைத்துக்கொண்டு, வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. என்ன வாசனை என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.